கிஸ்திப் பணமும் கடற்கரை வங்கியும்

1835-க்குப் பிறகு கம்பெனி அச்சடித்த வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா. இன்றைய கணக்கில் 11.66 கிராம். ஆயிரம் ரூபாய் பதினொன்றரை கிலோவைத் தாண்டும். ஒரு லட்சம் 1,166 கிலோ. ஒரு மாட்டுவண்டி அரை டன் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்ச ரூபாயை நகர்த்த மூன்று வண்டி வேண்டும், கூடவே ஆயுதக் காவலும் வேண்டும். அந்தக் காலத்து வங்கிக் கணக்கைப் படிக்கும்போது இந்த எடையை மறக்கக் கூடாது. பணம் அப்போது தோளிலும் வண்டியிலும் போன சுமை. அந்தச் சுமை எந்த ஊரில் ஏறியது, எங்கே இறங்கியது, இறங்கிய இடத்தில் யாருக்குப் பயன்பட்டது என்று பார்க்கத்தான் இந்தப் பற்று-வரவு.

ஏறிய இடமாக வெள்ளானூரை எடுத்துக்கொள்கிறேன். ஆவடிக்கு வடக்கே, செங்குன்றத்தை நோக்கிப் போகும் பக்கத்தில் இருக்கிற ஊர். இன்று சுற்றிலும் கல்லூரிகள், மனைப்பிரிவுகள். அன்று பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிப்பாசன ஊர்களில் அதுவும் ஒன்று. அந்த ஜில்லா 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகக் கம்பெனி கைக்குப் போனது. இந்தப் பக்கத்து ஊர்களில் சம்பா அறுவடை தை, மாசியில் நடக்கும். நெல் களத்தில் காய்ந்துகொண்டிருக்கும்போதே நிலவரிக் கிஸ்தியின் வாய்தா வந்துவிடும். கர்ணம் கணக்கெழுதுவார், மணியக்காரர் வசூலிப்பார், தலையாரி துணையோடு பணம் தாலுகா கஜானாவுக்குப் போகும். தாலுகா செலவு போக மிஞ்சியது ஜில்லா கஜானாவுக்கும், அங்கிருந்து சென்னைக்கும் நகரும்.

சென்னையில் அந்தப் பணம் யாரிடம் இருந்தது? 1862 முதல் 1876 வரை அதில் பெரும்பங்கு ஒரு தனியார் வங்கியிடம் இருந்தது. என்ன வட்டிக்கு? வட்டியே கிடையாது.

மூன்று லட்சம் ரூபாய்ப் பங்கு

அந்த வங்கி, தலைப்பில் சொன்ன கடற்கரை வங்கி, பாங்க் ஆஃப் மெட்ராஸ். 1843 ஜூலை 1-ஆம் தேதி தொழிலைத் தொடங்கியது. மூலதனம் 30 லட்சம் ரூபாய். அதில் அரசு போட்டது 3 லட்சம், அதாவது பத்தில் ஒன்று. எடையில் சொன்னால் மொத்தம் 35 டன் வெள்ளி, அதில் அரசின் பங்கு மூன்றரை டன். இதற்கு முன்பும் சென்னையில் வங்கிகள் இருந்தன. 1806-இல் அரசே ஒரு வங்கியை நேரடியாக நடத்தத் தொடங்கியிருந்தது. அந்த வேலையை ஏற்றுக்கொண்டுதான் புதிய வங்கி பிறந்தது.

மற்ற இரண்டு மாகாண வங்கிகளோடு ஒப்பிட்டால் அளவு புரியும். கல்கத்தாவின் பாங்க் ஆஃப் பெங்கால் 1809-இல் சாசனம் பெற்றபோது மூலதனம் 50 லட்சம் சிக்கா ரூபாய், அதில் அரசுப் பங்கு 10 லட்சம். 1840-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் பாம்பேயில் 52.25 லட்சத்துக்கு 3 லட்சம். நூற்றுக்கு இவ்வளவு என்று பார்த்தால் கல்கத்தாவில் 20, சென்னையில் 10, பம்பாயில் 6-க்கும் குறைவு. மூன்றிலும் மிகச் சின்ன வங்கி சென்னையுடையதுதான். நோட்டு அடித்து வெளியிடும் உரிமையிலும் அப்படியே. பெங்காலுக்கும் பம்பாய்க்கும் தலா 2 கோடி வரை, சென்னைக்கு 1 கோடி வரை.

அரசுப் பங்குக்குப் பிரதியாக நிர்வாகக் குழுவில் அரசு அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். மீதி நாற்காலிகளில் பெரும்பாலும் ஐரோப்பிய ஏஜென்சி நிறுவனங்களின் பங்காளிகள். மாகாண வங்கிகளின் ஆரம்பகாலக் கடன் விதிகளைப் பார்த்தால் யாருக்காகக் கடை விரித்தார்கள் என்பது தெரிந்துவிடும். ஒருவருக்கு அதிகபட்சக் கடன் ஒரு லட்சம். தவணை மூன்று மாதம். வட்டி உச்சவரம்பு நூற்றுக்கு 12. ஈடாக ஏற்பது அரசுக் கடன் பத்திரம், தங்கம், வெள்ளி, நகை, கெட்டுப்போகாத சரக்கு. அவுரி, பருத்தி, துணி, உப்பு எல்லாம் இந்தக் கடைசி வகையில் அடங்கும். வீடு, நிலம், தோப்பு ஆகியவற்றை அடமானமாக வாங்கவே கூடாது.

ஒரு லட்சத்தை 12 வட்டிக்கு மூன்று மாதம் வாங்கிய வியாபாரி 3,000 ரூபாய் வட்டி கட்டியிருப்பார். கப்பல் ஏறிய சரக்கு அதற்குள் காசாகிவிடும். நெல் போட்டவனுக்கு விதைப்பிலிருந்து அறுவடைக்கே ஐந்தாறு மாதம் ஆகும். மூன்று மாதத் தவணை எந்தச் சம்பாப் பயிருக்கும் பொருந்தாது. அவன் கையில் ஈடாகக் காட்ட இருந்ததோ நிலம் ஒன்றுதான். ஆகவே வங்கி திறந்த நாளிலேயே வெள்ளானூருக்கு அதன் கதவு சாத்தியிருந்தது.

இந்த 3 லட்சத்தை வைத்து இதை அரசு மானிய வங்கி என்று சொல்லிவிட முடியாது. பங்கு போட்டவருக்குப் பங்காதாயம் வரும், அரசுக்கும் வந்தது. மானியம் என்று நான் சொல்வது அடுத்த கட்டத்தில் நடந்ததை.

வட்டியில்லாத பணம்

1861-இல் காகித நாணயச் சட்டம் வந்தது. 1862 மார்ச் 1 முதல் நோட்டு வெளியிடும் உரிமை அரசுக்கு மட்டும் என்றானது. மூன்று வங்கிகளுக்கும் இது பெரிய இழப்பு. அதற்கு ஈடாக அரசு சொன்னது இது: நீங்கள் எந்த ஊரில் கிளை திறந்தாலும் அந்த ஊர்க் கஜானா இருப்பை உங்களிடம் வைக்கிறோம், நீங்கள் அதைத் தொழிலில் போட்டுக்கொள்ளலாம்.

அதன் விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. அதுவரை கிளை திறக்கச் சாசனத்தில் இடமிருந்தும் மூன்று வங்கிகளுக்கும் சேர்த்து ஒரு கிளைகூட நிலைக்கவில்லை. 1839-இல் பாங்க் ஆஃப் பெங்கால் மிர்சாப்பூரில் முயன்று சீக்கிரமே மூடிவிட்டது. ஆனால் 1862-க்குப் பின் பதினான்கே வருஷத்தில், 1876-க்குள், தலைமை அலுவலகம், பருவக் கிளை, துணை ஏஜென்சி எல்லாம் சேர்த்து பெங்காலுக்கு 18, பம்பாய்க்கும் சென்னைக்கும் தலா 15. வியாபாரம் அப்போதுதான் புதிதாகப் பிறந்துவிடவில்லை, தூத்துக்குடிப் பருத்தியும் கொச்சி மிளகும் அதற்கு முன்பும் இருந்தன. கஜானாப் பணம் வந்தது, கிளை வந்தது.

சென்னை வங்கியின் கிளைகள் எங்கே முளைத்தன என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் மாகாணத்தின் ஏற்றுமதிக் கோடு அப்படியே தெரியும். தூத்துக்குடி, கொச்சி, கோழிக்கோடு, தலச்சேரி, ஆலப்புழை, மங்களூர், காக்கிநாடா என்று துறைமுகங்கள். உள்ளே கோயம்புத்தூர், பெங்களூர், ஊட்டி. கடல் தாண்டிக் கொழும்பு. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி, நீலகிரி, மைசூர்க் காப்பி, மலபார் மிளகு, ஆலப்புழைக் கயிறு எல்லாம் இந்த வழியே போயின. பெங்காலும் பம்பாயும் தலா ஒரு பெரிய துறைமுகத்தை நம்பிப் பிழைத்தன. சென்னை வங்கியின் லாபமோ பல சிறு துறைமுகங்களிலிருந்தும் உள்நாட்டுச் சந்தைகளிலிருந்தும் வந்தது. அதனால்தான் 1876-க்குப் பிறகு மற்ற இரண்டின் கிளைப் பெருக்கம் அநேகமாக நின்றபோதும் சென்னையுடையது மெல்லவாவது தொடர்ந்தது.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு லட்சம் ரூபாயைச் சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு 1,166 கிலோ வெள்ளியாக அனுப்புவதற்கும், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு ஒரு காகிதமாக அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். வண்டிச் சத்தம் மிச்சம், காவல் கூலி மிச்சம், வழிக் கொள்ளைப் பயம் மிச்சம், வாரக்கணக்கில் பணம் முடங்கும் வட்டியும் மிச்சம். அறுவடைக் காலத்தில் கையில் ரொக்கம் இருக்கிற வியாபாரியால்தான் நல்ல விலை கொடுத்துச் சரக்கெடுக்க முடியும். அந்த ரொக்கத்தை வங்கி கொடுத்தது.

ரயிலும் இதே வகைக் கணக்குதான். 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதை அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியேதான் போகிறது. ரயில் கம்பெனி போட்ட மூலதனத்துக்கு நூற்றுக்கு 5 வட்டி என்று அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. லாபம் வரவில்லை என்றால் குறையை வரிப்பணம் நிரப்பும். ரயிலுக்கு உத்தரவாத வட்டி, வங்கிக்கு வட்டியில்லா இருப்பு. இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே கஜானா. அந்தக் கஜானாவுக்குள் விழுந்ததில் மிகப் பெரிய பங்கு நிலவரி.

18 லட்சத்தின் விலை

1868-இல் பழைய பாங்க் ஆஃப் பாம்பே கவிழ்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி விலை ஏறி, போர் முடிந்ததும் 1865-இல் சரிய, பங்குகளின் மேல் கடன் கொடுத்திருந்த வங்கி மூழ்கியது. மூலதனம் 2 கோடியே 9 லட்சம், அதில் ஏறக்குறைய 1 கோடியே 89 லட்சம் போய்விட்டது. 1874-இல் அதன் இடத்தில் வந்த புதிய பம்பாய் வங்கியிடமிருந்து அரசு தன் பணத்தை எடுக்கப் போனபோதும் இழுபறி. அரசு விழித்துக்கொண்டது. 1876 மே 1-இல் நடைமுறைக்கு வந்த மாகாண வங்கிகள் சட்டத்தோடு தன் பங்குகளை விட்டு வெளியேறியது. உபரிப் பணத்தை வங்கிகளிடம் விடாமல், கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் தனிக் காப்புக் கஜானா அமைத்து அதில் பூட்டியது. தலைமை அலுவலகங்களில் மட்டும் ஒரு குறைந்தபட்ச இருப்பு வைக்கிறோம் என்றது: பெங்காலுக்கு 35 லட்சம், பம்பாய்க்கு 20 லட்சம், சென்னைக்கு 18 லட்சம்.

இந்த 18 லட்சத்தை மட்டும் வைத்து ஒரு கணக்கு போடலாம். வங்கி இதே தொகையைப் பொதுமக்களிடம் டெபாசிட்டாக வாங்கியிருந்தால் நூற்றுக்கு 4 வட்டி கொடுத்திருக்கும் என்பது என் அனுமானம். அப்படியானால் வருஷத்துக்கு 72,000 ரூபாய் மிச்சம். மூன்று வங்கிகளும் 1921-இல் ஒன்றாக இணைந்தன. 1876-இலிருந்து 45 வருஷத்துக்கு 72,000 வீதம் பெருக்கினால் 32 லட்சத்து 40 ஆயிரம். 1843-இல் வங்கி தொடங்கப் போட்ட மொத்த மூலதனத்தைவிட இது அதிகம். கூட்டு வட்டி சேர்க்காமல் வந்த தொகை இது. எடையில் 18 லட்சம் என்பது 21 டன் வெள்ளி.

வங்கி இதைச் சும்மா வாங்கவில்லை என்பதையும் வரவில் எழுத வேண்டும். அரசுக்கு வர வேண்டியதை வாங்குவது, கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது, கடன் பத்திரக் கணக்கு வைப்பது எல்லாம் வங்கி தலையில்தான். ஆனாலும் இருப்பு வட்டியில்லாதது, வங்கி அதைத் திருப்பிவிட்ட கடன் வட்டியுள்ளது.

1870-இல் மூன்று வங்கிகளிலும் சேர்த்து அரசு டெபாசிட் சுமார் 5.4 கோடி, தனியார் டெபாசிட் சுமார் 6.4 கோடி. நூறு ரூபாய் டெபாசிட்டில் 46 ரூபாய் அரசுப் பணம். 1910-இல் அரசு டெபாசிட் சுமார் 4.2 கோடி, தனியாருடையது சுமார் 32 கோடி. நூற்றில் 12-க்கும் குறைவு. அரசுப் பணத்தில் நடை பழகிய வங்கியிடம் நாற்பது வருஷத்தில் ஊராரின் நம்பிக்கை வந்து சேர்ந்துவிட்டது. இந்தத் தொழிலில் மானியம் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் இதுதான். வியாபாரிகளுக்கு அது கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. கிஸ்தி கட்டியவனுக்கு அதில் எதுவும் திரும்பவில்லை என்பதுதான் வருத்தம்.

மாசி மாதத்து வட்டி

கிஸ்தியும் ஏற்றுமதியும் ஒரே பருவத்தில் வரும். தை முதல் சித்திரை வரை கஜானா நிறையும். அதே மாதங்களில்தான் பருத்தியும் எண்ணெய் வித்தும் வாங்க வியாபாரிக்கு ரொக்கம் வேண்டும். ஊரிலிருக்கிற வெள்ளியை அரசு உறிஞ்சும் நேரத்தில் சந்தைக்கு வெள்ளி தேவைப்படும். 1862 முதல் 1876 வரை அந்தப் பணம் வங்கி வழியே சந்தைக்குத் திரும்பியது. காப்புக் கஜானா வந்த பிறகு நடுவில் பூட்டு விழுந்தது. மழைக்காலத்தில் நூற்றுக்கு 3 என்று இருக்கும் மாகாண வங்கி வட்டி, மாசி, பங்குனியில் 7, 8 என்று ஏறுவது வழக்கமானது. காப்புக் கஜானாவிலிருந்து வங்கிகளுக்கு அரசு கடன் கொடுக்கலாம், ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது.

கடற்கரையில் 8 ஆகும் வட்டி கிராமத்துக்கு வரும்போது எவ்வளவாகும்? 1876 சட்டப்படி வங்கி ஆறு மாதத்துக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது, அசையாச் சொத்தின் மேல் கொடுக்கக் கூடாது, புரோநோட்டு என்றால் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். இந்த இரண்டாவது கையெழுத்தைப் போட வசதியும் நாணயமும் உள்ளவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போன்ற லேவாதேவிக் குடும்பத்தார். வங்கியிடம் அவர்கள் வாங்குவார்கள், அவர்களிடம் டவுன் மண்டிக்காரர் வாங்குவார், மண்டிக்காரரிடம் ஊர்க்கடைக்காரர், அவரிடம் குடியானவர். ஒவ்வொரு கையிலும் மூன்று நான்கு ரூபாய் ஏறினால் 8 எளிதில் 18 ஆகும். நூற்றுக்கு ஒன்றரை மாத வட்டி என்றால் 18, இரண்டு என்றால் 24. மாடு வாங்க 50 ரூபாய் கடன் வாங்கியவர் இரண்டு வட்டிக்கு வருஷத்துக்கு 12 ரூபாய் கட்டுவார். நாலு வருஷம் இரண்டு மாதம் வட்டி மட்டுமே கட்டினால் மாட்டின் விலையே போயிருக்கும், அசல் 50 அப்படியே நிற்கும்.

மொத்த அளவு எவ்வளவு என்று சொன்னவர் ஃபிரெடெரிக் நிக்கல்சன். சென்னை மாகாண அரசு கேட்டுக்கொண்டபடி அவர் எழுதிய அறிக்கையின் இரண்டு பாகங்கள் 1895-லும் 1897-லும் வந்தன. மாகாணத்துக் கிராமக் கடன் 45 கோடி ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். மிகக் குறைவாக நூற்றுக்கு 12 என்று போட்டாலும் வருஷ வட்டி 5 கோடியே 40 லட்சம். கடற்கரை வங்கியிடமிருந்த அரசின் குறைந்தபட்ச இருப்பைப் போல 30 மடங்கு. 1930-இல் மாகாண வங்கி விசாரணைக் குழு அதே கடனை 150 கோடி என்றது. 1935-இல் சத்தியநாதன் அறிக்கை 200 கோடி என்றது. விலைவாசி மாற்றம், மக்கள்தொகை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் ஏறுமுகம் மறையாது.

திரூருக்கு இரண்டாயிரம்

நிக்கல்சன் ஜெர்மனியின் ரைஃபைசன் கூட்டுறவு முறையைச் சிபாரிசு செய்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இந்தியாவின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் அதே ஆண்டு எங்கே தொடங்கியது என்றால், வெள்ளானூருக்கு மேற்கே, திருவள்ளூர் பக்கத்துத் திரூரில். டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்களை விதைத்தவர்களுக்கு அந்த ஊர் தெரியும். அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் திரூர்க்குப்பம் பெயரில் வெளியிட்டவை அவை. முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கமும் அதே ஆண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில் பதிவானது. இந்தியா முழுவதற்கும் இரண்டு முதல் அடிகளும் ஒரே செங்கல்பட்டு ஜில்லாவில் விழுந்தன. இந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கிராமச் சங்கத்துக்கு அரசு எவ்வளவு கொடுத்தது? உறுப்பினர்கள் தாங்களே எவ்வளவு டெபாசிட் சேர்க்கிறார்களோ அதற்குச் சமமாக, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேற்படாமல். முதல் மூன்று வருஷம் வட்டியில்லை, பிறகு நூற்றுக்கு 4. கடற்கரை வங்கிக்கு 18 லட்சம், காலவரை இல்லாமல், வட்டியே இல்லாமல். திரூருக்கு 2,000, மூன்று வருஷம் வரை வட்டியில்லாமல். ஒரு வங்கிக்குக் கிடைத்த இருப்பை இப்படிப் பங்கிட்டால் 900 கிராமங்களுக்கு வரும். 2,000 ரூபாயை, அதாவது 23 கிலோ வெள்ளியை, ஒரு குடியானவர் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம்.

1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானோர் சேமிப்பு போனதும், அடுத்த ஆண்டு வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று இந்தியன் வங்கியைத் தொடங்கியதும் பலரும் அறிந்த கதை. அது நகரத்துக் கதை. நம் ஏட்டில் அதற்கு ஒரு வரி போதும்.

0.9

1921 ஜனவரி 27-இல் மூன்று மாகாண வங்கிகளும் இணைந்து இம்பீரியல் வங்கி ஆயின. அப்போது பெங்கால் வங்கியின் மூலதனம் 2 கோடி, பம்பாய் 1 கோடி, சென்னை 75 லட்சம், ஆக 3.75 கோடி. கிளைகள் 70. அரசு இருப்பு முழுவதையும் புதிய வங்கியிடம் வட்டியில்லாமல் வைப்பது, பதிலுக்கு ஐந்து வருஷத்தில் 100 புதுக் கிளை திறப்பது என்று ஒப்பந்தம். 1862-இல் பயன்படுத்திய அதே நெம்புகோல். இந்த முறை எத்தனை கிளை என்பதை அரசு எழுத்தில் வாங்கிக்கொண்டது. நிலத்தின் மேல் கடன் கொடுக்கக் கூடாது என்ற விதி மட்டும் மாறவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு ரிசர்வ் வங்கி 1951-52-இல் நாடு முழுவதும் கிராமக் கடன் கணக்கெடுத்தது. குடியானவர் வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் தொழில்முறை வட்டிக்கடைக்காரர் கொடுத்தது 44.8. விவசாயமும் செய்து வட்டிக்கும் விடுபவர் கொடுத்தது 24.9. உறவினர் 14.2, வியாபாரி 5.5, அரசு 3.3, கூட்டுறவு 3.1. வணிக வங்கிகள் எல்லாம் சேர்ந்து 0.9.

பாங்க் ஆஃப் மெட்ராஸ் கதவு திறந்து 108 வருஷம் கழித்து எடுத்த கணக்கு அது. எத்தனை சம்பா அறுவடை, எத்தனை கிஸ்தி. நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏ.டி. கோர்வாலா தலைமையில் அந்த அறிக்கையை எழுதியவர்களுக்கும் வந்திருக்க வேண்டும். இம்பீரியல் வங்கியை அரசு எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போக வைக்க வேண்டும் என்று அவர்கள் தயங்காமல் எழுதினார்கள். 1954 டிசம்பர் 20-இல் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் மக்களவையில் அதைக் கொள்கையளவில் ஏற்பதாக அறிவித்தார்.

அடுத்த மாதம் இந்தக் கதை வெள்ளானூரின் வாசலுக்கே வந்தது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. மே மாதம் ஸ்டேட் வங்கிச் சட்டம், ஜூலை 1-இல் ஸ்டேட் வங்கி. பாங்க் ஆஃப் மெட்ராஸ், வாலாஜா ரயில், ஸ்டேட் வங்கி மூன்றும் ஜூலை 1-இல் பிறந்தது தற்செயல்தான், ஆனாலும் நினைவில் வைக்கச் சுலபம்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பிரிவு. ஐந்து வருஷத்தில் 400 கிளை திறக்க வேண்டும் என்பது இலக்கு. சின்ன ஊர்க் கிளை ஆரம்பத்தில் நஷ்டத்தில்தான் ஓடும். அந்த நஷ்டத்தை யார் ஏற்பது? ரிசர்வ் வங்கி வைத்திருந்த பங்குகளில், மொத்த மூலதனத்தில் 55 சதவீதம் வரையிலான பங்குகளுக்கு வரும் பங்காதாயத்தை ஒரு தனி நிதியில் போட்டு, அதிலிருந்து ஈடுகட்டு என்றது சட்டம். 1862-இல் பொதுப்பணம் துறைமுகக் கிளையைத் திறந்தது. 1955-இல் பொதுப்பணம் சின்ன ஊர்க் கிளையின் நஷ்டத்தைத் தாங்கியது. மானியம் இரண்டிலும் உண்டு, யாருக்கு என்பதுதான் வேறு.

அதன் பலனும் எண்ணில் வந்தது. 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது நாட்டில் மொத்தக் கிளைகள் 8,262, அதில் கிராமக் கிளைகள் 1,833. 1991-இல் கிராமக் கிளைகள் மட்டும் 35 ஆயிரத்தைத் தாண்டின. அரசு, கூட்டுறவு, வங்கி மூன்றும் சேர்ந்து குடியானவர் கடனில் வகித்த பங்கு 1951-இல் நூற்றுக்கு 7.3. 1981-இல் 63.2.

செங்குன்றத்து மூட்டையும் அடங்கலும்

வெள்ளானூரிலிருந்து கிழக்கே போனால் செங்குன்றம், அரிசி ஆலைகளின் ஊர். அங்கே ஆலைக்காரர் வங்கியில் வாங்கும் சரக்குக் கடனைக் கவனித்தால், கெட்டுப்போகாத சரக்கின் மேல் கடன் என்ற பழைய விதி இன்னும் உயிரோடு இருப்பது தெரியும். குடோனில் ஆயிரம் மூட்டை நெல் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை 75 கிலோ, ஆக 75 டன், 750 குவிண்டால். 2024-25-க்கு மத்திய அரசு அறிவித்த சாதாரண ரக ஆதார விலை 2,300. மதிப்பு 17 லட்சத்து 25 ஆயிரம். நாலில் ஒரு பங்கை மார்ஜினாகக் கழித்தால் கடன் 12 லட்சத்து 93 ஆயிரத்து 750. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும், அதிகாரி வந்து அட்டியை எண்ணிப் பார்ப்பார். ஒழுங்கான, நல்ல முறை. இதே கடனால்தான் அறுவடையன்று ஆலைக்காரர் கையில் ரொக்கம் இருக்கிறது.

அந்த நெல்லை விளைவித்தவருக்கு இன்று என்ன கிடைக்கிறது? கிசான் கார்டில் 3 லட்சம் வரை பயிர்க்கடன் 7 வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 3 தள்ளுபடி, ஆக 4. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒழுங்காகக் கட்டினால் வட்டியே இல்லை. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 1904-இன் 2,000-உம் மூன்று வருஷச் சலுகையும் எங்கே, இது எங்கே. இதற்காக உழைத்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் கவுன்டரில் முதலில் கேட்பது பட்டாவும், யார் என்ன பயிரிட்டார் என்று காட்டும் அடங்கலும். நகரம் வளர்ந்து வரும் இந்தப் பக்கத்தில் நிலத்தின் பட்டா ஒருவர் பெயரில் இருக்கிறது, ஏர் இன்னொருவர் கையில் இருக்கிறது. மனை விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் சொந்தக்காரர், குத்தகைக்கு விட்டதை எழுத்தில் கொடுக்க மாட்டார். வாய்ச்சொல் குத்தகையில் பயிரிடுபவர் பெயரில் அடங்கல் வராது. அடங்கல் இல்லாமல் 4 வட்டியும் இல்லை, வட்டியில்லாக் கடனும் இல்லை. மீதி இருப்பது மனைவியின் நகையை வைத்து வாங்கும் கடன், அல்லது நூற்றுக்கு மூன்று, நான்கு என்று மாத வட்டிக்குக் கொடுப்பவர். மூன்று வட்டி என்றால் வருஷத்துக்கு 36. 1843-இன் சாசனம் வியாபாரிக்குப் போட்ட உச்சவரம்பு 12. உழுகிறவர் பெயர் குத்தகைப் பதிவேட்டில் ஏறி, அந்தப் பதிவையே வங்கி ஆவணமாக ஏற்றுக்கொண்டால் இந்த 36 அப்படியே 4 ஆகும். அதற்குச் செலவு, கிராம நிர்வாக அலுவலர் நேரில் போய் வயலைப் பார்த்து எழுதும் ஒரு வரி.